நாம் சொல்லாவிட்டால் வேறு யாரோ சொல்வார்கள்

(காலடிப்பேட்டையில் பெற்றோர், ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர் கூடிய அவையில் நிகழ்த்திய சொற்பொழிவு)

1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் காலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்தி எழுந்த பேட்டை இது. தறியில் தொடங்கி, தீப்பெட்டி, மோட்டார் சைக்கிள், லாரி, துறைமுகம் என்று முந்நூறு ஆண்டுகளாக உழைத்தே வாழும் வட்டாரம். உழைக்கிற மக்களிடம் சுற்றி வளைக்காமல் பேசலாம். ஆகவே நேராகப் பொருளுக்கு வருகிறேன். உடன் படிக்கும் பிள்ளைக்கோ உடன்பிறந்த பிள்ளைக்கோ நடக்கவோ, பார்க்கவோ, கேட்கவோ, பேசவோ, கற்கவோ சிரமம் இருந்தால், அதை நம் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கு எப்படிப் புரியவைப்பது? புரியவைக்கத்தான் வேண்டுமா? வேண்டுமென்றால் எந்த வயதில்? இதுதான் இன்றைய பேச்சு.

நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய காட்சி ஒன்றைச் சொல்கிறேன். மெட்ரோ நிலையத்தில் லிஃப்ட் கதவு திறக்கிறது. உள்ளே வீல்சேரில் ஒரு சிறுவன். வெளியே நிற்கும் நான்கு வயதுக் குழந்தை சத்தமாகக் கேட்கிறது: “அம்மா, அந்த அண்ணன் ஏன் நடக்கல?” அம்மாவுக்குச் சங்கடம். “உஷ்! அப்படியெல்லாம் கேக்கக் கூடாது” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போய்விடுகிறார். அந்த அம்மா கெட்டவர் இல்லை. அந்தச் சிறுவன் மனம் நோகக் கூடாதே என்றுதான் அப்படிச் செய்கிறார். ஆனால் அதற்குள் அந்தக் குழந்தை என்னென்ன கற்றுக்கொண்டது என்று எண்ணிப் பாருங்கள். நடக்க முடியாதவரைப் பற்றிப் பேசக் கூடாது. அவரோடு ஒரே லிஃப்டில் ஏறக் கூடாது. அவரைப் பார்த்தால் அம்மாவே பயப்படுகிறார். இத்தனையும் ஒரு ‘உஷ்’ஷில் அடங்கிவிட்டது. வீல்சேரில் இருந்த சிறுவனுக்கும் காது கேட்கும். அவனும் ஒரு பாடம் கற்றுக்கொண்டான்.

நாம் பதில் சொல்லாமல் விட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கும் என்று நினைக்கிறோம். இருக்காது. குழந்தையின் மனம் அதைத் தானே நிரப்பிக்கொள்ளும். எதைக் கொண்டு நிரப்பும்? சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே, குழந்தைகளின் நீதியுணர்வு பற்றி 1932-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்காகக் குழந்தைகளிடம் அவர் சொன்ன கதை இது. தோட்டத்தில் ஆப்பிள் திருடிய ஒரு பையன் போலீஸ்காரருக்குப் பயந்து ஓடுகிறான். வழியில் இற்றுப்போன ஒரு மரப்பாலம். அதில் கால் வைத்ததும் பாலம் முறிந்து தண்ணீரில் விழுகிறான். இப்போது கேள்வி: அவன் திருடாமல் அதே பாலத்தில் நடந்திருந்தால் விழுந்திருப்பானா? பாலம்தான் இற்றுப்போயிருக்கிறதே, யார் நடந்தாலும் விழத்தானே செய்வார்கள் என்று நாம் சொல்வோம். ஆனால் ஆறு வயதுக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர், விழுந்திருக்க மாட்டான் என்றார்கள். அவர்கள் கணக்கில் அவன் விழுந்தது திருடியதால். வயது ஏற ஏற இந்த எண்ணம் குறைந்து, பதினொன்று பன்னிரண்டு வயதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளிடம்தான் மிஞ்சியிருந்தது. இதன் பொருள் என்ன? சிறு குழந்தையின் மனத்தில் துன்பம் என்றாலே தண்டனை. ஒருவருக்குக் கண் தெரியவில்லை என்றால் அவர் ஏதோ தப்புச் செய்திருக்க வேண்டும். இதை யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. அந்த வயதின் கணக்கே அதுதான். அதைத் திருத்துவதற்குத்தான் நாம் தேவைப்படுகிறோம்.

நாம் திருத்துகிறோமா, அல்லது அந்தக் கணக்குக்கு முத்திரை குத்திக் கொடுக்கிறோமா? இந்த ஊரிலேயே விளைந்த கதையை எடுத்துக்கொள்வோம். கூப்பிடு தூரத்தில் திருவொற்றியூர்த் தியாகராஜ சுவாமி கோயில். மாசி மாதம் மகிழடி சேவைக்கு இங்குள்ள பலரும் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருப்பீர்கள். பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் கதை உங்களுக்குத் தெரியும். சங்கிலியாரை மணந்த சுந்தரர், உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்கிறார். பிறகு திருவாரூர் நினைவில் சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார். இரு கண்ணும் போய்விடுகின்றன. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைக்கிறது, காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறு கண். இது பக்தியின் கதை, சொன்ன சொல்லின் கதை, தோழமையோடு இறைவனிடம் சண்டையிடும் ஓர் அடியாரின் கதை. பெரியவர்கள் அப்படித்தான் கேட்கிறோம். ஐந்து வயதுக் குழந்தை எப்படிக் கேட்கும்? தப்புப் பண்ணினார், கண் போச்சு. அவ்வளவுதான். மறுநாள் தெருவில் பார்வையற்ற ஒருவரைக் கண்டால் அந்தக் குழந்தையின் மனத்தில் எழும் முதல் கேள்வி, இவர் என்ன தப்புப் பண்ணினார் என்பதாகத்தானே இருக்கும்?

அதற்காகக் கதையை விட்டுவிடச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. கதையைச் சொல்லுங்கள், கூடவே இரண்டு வாக்கியமும் சொல்லுங்கள்: “இது சாமியும் சுந்தரரும் போட்டுக்கிட்ட சண்டை. நம்ம ஊர்ல கண் தெரியாதவங்க யாருக்கும் அது தண்டனை இல்ல.” அதோடு நிற்காமல், அதே பெரியபுராணத்திலிருந்து தண்டியடிகள் கதையையும் சொல்லுங்கள். திருவாரூரில் பிறவியிலேயே பார்வையின்றிப் பிறந்தவர் அவர். குளம் தூர்ந்து கிடக்கிறது. ஆழப்படுத்த வேண்டும் என்று முடிவு செய்கிறார். எப்படிச் செய்தார்? குளத்துக்குள் ஒரு கம்பம் நட்டார், கரையில் ஒரு கம்பம் நட்டார், இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டினார். கயிற்றைத் தடவிக்கொண்டே இறங்கி மண்ணை வெட்டினார். தடவிக்கொண்டே ஏறிக் கரையில் கொட்டினார். கதை பிறகு எப்படி முடிந்தாலும், குழந்தை மனத்தில் தங்க வேண்டியது அந்தக் கயிறு. கண் தெரியாதவர் வேலை செய்ய முடியுமா என்று கேட்கும் பிள்ளைக்கு, முடியும், கயிறு கட்டினால் முடியும் என்று பதில் சொல்ல நமக்கு நூற்றாண்டுகளாக ஒரு கதை இருக்கிறது. அதை ஏன் நாம் இந்தக் கோணத்தில் சொல்வதே இல்லை?

நாம் சொல்லாவிட்டால் வேறு யாரோ சொல்வார்கள். யார் சொல்வார்கள், என்ன சொல்வார்கள் என்பதை 2024 ஆகஸ்டு மாதம் இந்தச் சென்னை மாநகரமே பார்த்தது. அரசுப் பள்ளி மாணவர்கள் முன்னால் பேச வந்த ஓர் ஆன்மிகப் பேச்சாளர், முற்பிறவியில் செய்த பாவத்தால்தான் சிலர் உடல் குறையோடு பிறக்கிறார்கள் என்று பேசினார். பள்ளிக்கூட வளாகத்தில், ஒலிபெருக்கியில், பிள்ளைகளின் காதில். அங்கேயே எழுந்து அதைத் தட்டிக் கேட்டவர் ஒரு பார்வையற்ற ஆசிரியர். காணொளி பரவி, கண்டனம் எழுந்து, செப்டம்பர் 7-ஆம் தேதி அந்தப் பேச்சாளர் கைது செய்யப்பட்டார். சட்டம் தன் வேலையைச் செய்தது. ஆனால் நான் கேட்பது வேறு. அந்த ஆசிரியர் மட்டும் அன்று அங்கே இல்லாதிருந்தால்? எதிர்த்துப் பேசாமல் இருந்திருந்தால்? அந்தப் பேச்சு நல்லொழுக்கப் போதனையாகவே பிள்ளைகள் மனத்தில் பதிந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் காலை இழுத்து நடக்கும் மகள் ஒருத்தி இருந்திருந்தால், காது மெஷின் போட்ட தம்பியை உடைய அண்ணன் ஒருவன் இருந்திருந்தால், அவர்கள் என்ன நினைத்துக்கொண்டு வீடு திரும்பியிருப்பார்கள்? ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன்பே வீட்டிலும் அங்கன்வாடியிலும் நல்ல பதில் கிடைத்திருந்த பிள்ளை அந்தப் பேச்சைக் கேட்டால் சிரித்துவிடும்.

சரி, நல்ல பதில் என்றால் என்ன? அமெரிக்காவில் கேரன் டயமண்ட் என்ற ஆய்வாளர் 1990-களில் பாலர் பள்ளிக் குழந்தைகளிடம் பேசிப் பார்த்தார். உன்னோடு படிக்கும் இந்தப் பிள்ளையால் ஏன் நடக்க முடியவில்லை, ஏன் பேச முடியவில்லை என்று கேட்டார். குழந்தைகள் தங்களுக்குத் தெரிந்ததை வைத்து விளக்கம் கட்டினார்கள். அவன் இன்னும் சின்னப் பாப்பா, பெரியவனானால் நடப்பான் என்றது ஒரு வகை. எங்கேயோ விழுந்து அடிபட்டுவிட்டது என்றது இன்னொரு வகை. மூன்றாவதுதான் நம்மைத் திடுக்கிட வைக்கிறது: அவனிடம் வீல்சேர் இருக்கிறது, அதனால் நடக்க முடியவில்லை! காரணமும் விளைவும் தலைகீழாகிவிட்டன. இதில் குழந்தையின் குற்றம் ஒன்றுமில்லை. அது பார்க்கிறது, யோசிக்கிறது, கையில் கிடைத்த துண்டுகளை ஒட்டிப் பார்க்கிறது. குழந்தைக்கு என்ன புரியும் என்று நாம் கேட்கிறோம். அதுவோ நாம் சொல்லாமலே புரிந்துகொள்ளத் தொடங்கிவிட்டது. தவறாகப் புரிந்துகொள்கிறது, தவறான பிறகு திருத்துவதைவிட, முதலிலேயே சரியாகச் சொல்வது எளிது.

ஆகவே நல்ல பதில் சின்னதாக இருக்க வேண்டும், உண்மையாக இருக்க வேண்டும், குரலில் பதற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். “அந்த அண்ணன் ஏன் நடக்கல?” “அவங்க காலுக்கு நடக்கிற பலம் இல்லம்மா. அதான் வீல்சேர்ல போறாங்க.” முடிந்தது. “எனக்கும் வந்துடுமா?” இந்தக் கேள்வி கட்டாயம் வரும், வராவிட்டாலும் மனத்துக்குள் இருக்கும். “வராது. சளி காய்ச்சல் மாதிரி இது ஒட்டாது. சேர்ந்து விளையாடலாம், ஒரே தட்டுல சாப்பிடலாம்.” “காதுல என்ன மாட்டியிருக்கான்?” “அது காது மெஷின். பாட்டிக்குக் கண்ணாடி மாதிரி அவனுக்கு அது. ஆனா கண்ணாடி போட்ட உடனே எழுத்து தெரியற மாதிரி, மெஷின் போட்ட உடனே எல்லாம் தெளிவா கேட்டுடாது. அவன் முகத்தப் பாத்து மெதுவா பேசு.” “அவ ஏன் கத்திக்கிட்டே கையை ஆட்டுறா?” “சத்தம் அதிகமானா அவளுக்குத் தாங்காது. ஒவ்வொருத்தர் மூளையும் ஒவ்வொரு மாதிரி வேலை செய்யும். நாம கொஞ்சம் தள்ளி நின்னு மெதுவா கூப்பிடலாம்.” கவனித்துப் பாருங்கள். இந்தப் பதில்களில் பாவம் இல்லை, பரிதாபம் இல்லை, பொய்யும் இல்லை. ‘சாமி கண்ணைக் குத்திடும்’ இல்லை, ‘பாவம்டா அவன்’ இல்லை, ‘சீக்கிரம் சரியாயிடும்’ இல்லை. என்ன இருக்கிறது, அது ஒட்டாது, நீ என்ன செய்யலாம். இந்த மூன்றும் இருந்தால் போதும். பதில் தெரியாவிட்டால், “எனக்குத் தெரியல, அவன் அம்மாகிட்ட கேப்போம்” என்று சொல்வதும் நல்ல பதிலே.

இன்னொரு வகைக் கேள்வி இருக்கிறது. “அந்த அண்ணன் ஏன் பீச்சுக்கு வரல?” இதற்கும் நாம் பழக்கத்தில், அவனுக்குக் கால் சரியில்லை என்றே சொல்லிவிடுகிறோம். அது சரியான பதில்தானா? மெரினாவில் 2022 நவம்பர் 27-ஆம் தேதி கடல் அலை அருகே வரை வீல்சேர் போக மரப்பாதை ஒன்று திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமானது, பிறகு சரிசெய்தார்கள். அந்தப் பாதை போட்ட நாளில், அதுவரை தூரத்தில் நின்று பார்த்தவர்கள் அலையில் கால் நனைத்தார்கள். அவர்கள் கால் மாறவில்லை, பாதைதான் மாறியது. நம் திருவொற்றியூர்க் கரையில் என்ன இருக்கிறது? கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறாங்கற்கள். ஆகவே குழந்தையிடம் இப்படிச் சொல்ல வேண்டும்: “அவன் கால் நடக்காது, அது ஒண்ணு. வீல்சேர் போக வழி இல்ல, அது இன்னொண்ணு. வழி போட்டா அவனும் வருவான்.” உடலைப் பற்றிய கேள்வி வேறு, ஊரைப் பற்றிய கேள்வி வேறு. இந்த இரண்டையும் ஐந்து வயதில் பிரித்துப் பார்க்கக் கற்ற குழந்தை, இருபத்தைந்து வயதில் பொறியாளராகவோ கவுன்சிலராகவோ ஆகும்போது படிக்கட்டு மட்டும் வைத்துக் கட்டடம் கட்டாது.

இனி வீட்டுக்குள் வருவோம். உடன்பிறந்த பிள்ளைகளின் நிலை இன்னும் நுட்பமானது. 1990-இல் மணிரத்னம் எடுத்த ‘அஞ்சலி’ படம் பார்க்காத தமிழ்க் குடும்பம் குறைவு. அதில் தகப்பன், குறைபாட்டோடு பிறந்த குழந்தை இறந்துவிட்டது என்று சொல்லி, மனைவியிடமும் மற்றப் பிள்ளைகளிடமும் உண்மையை மறைத்துவிடுகிறார். இரண்டு ஆண்டு கழித்து உண்மை தெரிந்து, அந்தக் குழந்தை அஞ்சலி வீட்டுக்கு வருகிறாள். அண்ணனும் அக்காவும் முதலில் அவளை ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை? அவர்களுக்குக் கல்மனமா? யாரும் அவர்களுக்கு எதையும் சொல்லித் தயார்செய்யவில்லை, அதனால்தான். பிறகு பாசம் பொங்குகிறது, அண்டை வீட்டுக் குழந்தைகளும் சேர்ந்துகொள்கிறார்கள், கடைசியில் அஞ்சலி இறந்துபோகிறாள், நாமும் அழுதுவிட்டு எழுந்து வருகிறோம். அந்தப் படம் ஒரு தலைமுறையின் மனத்தை இளக்கியது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் நம் வீடுகளில் கதை அப்படி மூன்று மணி நேரத்தில் முடிவதில்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள தம்பியும், மூளை முடக்குவாதம் உள்ள தங்கையும் நம்மோடு வளர்கிறார்கள், பள்ளிக்குப் போகிறார்கள், வயதாகிறார்கள். அப்பா அம்மாவோடு இருக்கும் ஆண்டுகளைவிட உடன்பிறந்தவர்களோடு இருக்கும் ஆண்டுகள் அதிகம். அத்தனை நீண்ட உறவுக்கு அழுகை போதாது, விளக்கம் வேண்டும்.

பியாஜேயின் பாலத்தை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். தம்பி பிறந்தபோது பொறாமைப்படாத அக்கா உண்டா? இவன் வரவே வேண்டாம் என்று ஒருமுறையாவது அவள் நினைத்திருப்பாள். அந்தத் தம்பிக்கு வலிப்பு வருகிறது, ஆட்டிசம் என்கிறார்கள், அம்மா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைகிறாள். துன்பம் என்றாலே தண்டனை என்று நம்பும் வயது அது. நான் கெட்டது நினைத்தேன், அதனால்தான் தம்பிக்கு இப்படி ஆனது என்று அந்த அக்கா உள்ளுக்குள் முடிவு கட்டிக்கொள்ளலாம். யாரிடமும் சொல்ல மாட்டாள். நாமும் கேட்க மாட்டோம். அவளிடம் நாமாகவே சொல்ல வேண்டும்: “தம்பிக்கு இப்படி இருக்கறது உன்னால இல்ல, என்னால இல்ல, யாராலும் இல்ல.” அடுத்தது, அவளுக்குக் கோபம் வரும். தம்பி நோட்டுப் புத்தகத்தைக் கிழித்தால் அவனை அதட்ட மாட்டோம். அவளைத்தான், நீ பெரியவ, விட்டுக்கொடு என்போம். அந்தக் கோபத்தைப் பாவம் என்று அடக்காமல், “உனக்குக் கோபம் வர்றது நியாயந்தான்” என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டான் மேயர் என்பவர் 1980-களில் இப்படிப்பட்ட உடன்பிறப்புகளுக்கென்றே விளையாட்டும் பேச்சுமாகச் சிறு கூடல்களைத் தொடங்கினார். இன்று பல நாடுகளில் அவை நடக்கின்றன. என்னைப் போல இன்னொருத்தியும் இருக்கிறாள் என்று தெரிவதே பெரிய ஆறுதல் என்பதுதான் அதன் அடிப்படை. இதற்குப் பெரிய பணம் எதற்கு? நம் வட்டார வள மையங்களில் சிறப்புக் குழந்தைகளுக்கு இயன்முறைப் பயிற்சி நடக்கும் நாட்களில், கூட வந்து மூலையில் உட்கார்ந்திருக்கும் அக்காக்களையும் அண்ணன்களையும் ஒரு பாயில் உட்கார வைத்துப் பேசினால் போதாதா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏழு வயதுப் பெண் பிள்ளையிடம், “எங்களுக்கு அப்புறம் நீதான் இவன பாத்துக்கணும்” என்று சொல்லாதீர்கள். அது அந்த வயதுக்கு ஏற்ற சுமை இல்லை. தம்பியின் எதிர்காலம் பெற்றோரும் ஊரும் அரசும் சேர்ந்து போட வேண்டிய கணக்கு. அக்கா இப்போதைக்கு அக்காவாக இருக்கட்டும்.

சொல்வது மட்டும் போதுமா? போதாது. சேர்ந்து ஒன்றைச் செய்யும்போதுதான் சொன்னது நெஞ்சில் நிற்கும். கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், தப்பெண்ணம் எப்படிக் கரைகிறது என்று ஆராய்ந்து 1954-இல் ஒரு நூல் எழுதினார். இரு சாராரை ஒரே இடத்தில் விட்டால் மட்டும் போதாது என்றார் அவர். இருவரும் சமமாக இருக்க வேண்டும். இருவருக்கும் பொதுவான ஒரு குறிக்கோள் வேண்டும். ஒருவர் உழைப்பு இன்னொருவருக்குத் தேவைப்பட வேண்டும். பெரியவர்களின் ஆதரவு வெளிப்படையாக இருக்க வேண்டும். அவர் எழுதியது இனப் பகையைப் பற்றி. ஆனால் நம் தெருக்களுக்கு அப்படியே பொருந்துகிறது. தெரு விளையாட்டில் ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. சின்னப் பிள்ளை அழுதால் அவனையும் சேர்த்துக்கொள்வார்கள். அவன் அவுட் ஆனாலும் அவுட் இல்லை, பிடித்தாலும் கணக்கில்லை. மாற்றுத்திறன் பிள்ளையை நாம் பெரும்பாலும் அப்படித்தான் சேர்க்கிறோம். பள்ளி ஆண்டு விழாவில் மேடை ஓரத்தில் ஒரு மரமாக நிற்க வைப்போம், எல்லோரும் கைதட்டுவோம். உடல் சேர்ந்திருக்கிறது, ஆள் சேரவில்லை. தன் ஆட்டம் கணக்கில் இல்லை என்பது அந்தப் பிள்ளைக்கும் தெரியும், மற்றப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இதை எப்படி மாற்றுவது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரத் தேவையே இல்லை. விதி செய்வதில் அவர்களை விஞ்ச ஆளில்லை. ஆறடிச் சந்தில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளைப் பாருங்கள். எதிர்ச் சுவரில் பட்டால் இரண்டு ரன், மாடி வீட்டுக்குள் போனால் அவுட், ஒரு குத்துக் குத்தி ஒரு கையில் பிடித்தாலும் அவுட். சந்துக்கு ஏற்றபடி ஆட்டத்தையே வளைத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம், “வாக்கரோட வர்றவன் பேட் பண்ணணும், என்னடா செய்யலாம்?” என்று மட்டும் கேளுங்கள். அவன் அடிப்பான், இவன் ஓடுவான். ஆனால் அவன் அவுட் என்றால் அவுட்தான் என்று அவர்களே தீர்மானிப்பார்கள். பார்வையற்றோர் கிரிக்கெட்டில், உள்ளே குண்டுகள் போட்டு, உருளும்போது சலசலக்கும் பந்தை வைத்து ஆடுகிறார்கள். 2012-இல் பெங்களூரில் நடந்த பார்வையற்றோர் இருபது ஓவர் உலகக் கோப்பையை வென்றது நம் இந்திய அணி. இந்தச் செய்தியைப் பாடமாகச் சொல்வதைவிட, அப்படி ஒரு பந்தைத் தெருவுக்குக் கொண்டுவந்து, எல்லோரையும் அந்தப் பந்தில் ஆடச் செய்வது மேல். அவுட் ஆகும் உரிமை கிடைத்த அன்றுதான் ஒரு பிள்ளை அணியில் சேர்ந்தவன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பல பள்ளிகளில் டிசம்பர் 3, உலக மாற்றுத்திறனாளிகள் நாளன்று, பிள்ளைகளின் கண்ணைக் கட்டிவிட்டு நடக்கச் சொல்வார்கள். பார்வையற்றோரின் கஷ்டம் புரியட்டும் என்பது நோக்கம். அரியல் சில்வர்மன் என்ற பார்வையற்ற உளவியலாளர் தம் குழுவினரோடு இதைச் சோதித்துப் பார்த்தார். கண்ணைக் கட்டி நடந்த கல்லூரி மாணவர்களுக்கு என்ன ஆயிற்று? இரக்கம் கூடியது. ஆனால் பார்வையற்றவரால் தனியே வாழவோ வேலை செய்யவோ முடியும் என்ற நம்பிக்கை குறைந்தது. ஏன்? கண்ணைக் கட்டிய முதல் பத்து நிமிடத்தில் தெரிவது தடுமாற்றம் மட்டும்தான். ஆண்டுக்கணக்கில் கோலோடு நடந்து பழகியவரின் திறமை அதில் தெரியாது. கல்லூரிப் பிள்ளைகளுக்கே இப்படியென்றால் ஐந்து வயதுக் குழந்தைக்கு இருட்டுப் பயம்தான் மிஞ்சும். கண்ணைக் கட்டுவதற்குப் பதிலாக, வெண்கோலோடு நடக்கும் ஒருவரைப் பள்ளிக்கு அழையுங்கள். அவர் எப்படிப் பேருந்து பிடிக்கிறார், எப்படிக் காசை எண்ணுகிறார், எப்படிக் குழம்பு தாளிக்கிறார் என்று பிள்ளைகள் கேட்கட்டும். கஷ்டத்தைக் காட்டாதீர்கள்; வழியைக் காட்டுங்கள்.

மறுப்புகள் எழும். எழ வேண்டும். “சொல்லிக்கொடுத்தால் சுட்டிக்காட்டிக் கேலி செய்வார்களே” என்பார்கள் சிலர். கேலி எங்கே பிறக்கிறது? தெரியாத இடத்தில், பயந்த இடத்தில். காது மெஷின் எதற்கு என்று தெரிந்த பிள்ளைக்கு அதைப் பிடித்து இழுத்துப் பார்க்கும் ஆவல் குறையும். அப்படியும் ‘நொண்டி’, ‘செவிடு’, ‘மென்டல்’ என்று கூப்பிட்டால், அந்த இடத்திலேயே, “அவனுக்குப் பேர் இருக்கு, பேர் சொல்லிக் கூப்பிடு” என்று திருத்த வேண்டும். அதற்கு முன் நம் வாயில் அந்தச் சொற்கள் வராமல் இருக்க வேண்டும். பெரும்பாலும் பிள்ளை அவற்றை வீட்டில்தான் கற்றது.

“இவர்களுக்கென்று சிறப்புப் பள்ளிகள் இருக்கின்றனவே” என்பார்கள். இருக்கின்றன; அவற்றின் பெருமையைக் குறைத்துப் பேச மாட்டேன். பாளையங்கோட்டையில் 1890-களிலேயே பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் கல்வி தொடங்கிவிட்டது. பூந்தமல்லியில் பார்வையற்றோர் அரசுப் பள்ளி 1931 முதல் நடக்கிறது. படிப்பே கிடையாது என்றிருந்தவர்களுக்கு அந்தப் பள்ளிகள் எழுத்தும் வேலையும் கொடுத்தன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தருகிறது. தேர்வு குடும்பத்துடையது. ஆனால் சிறப்புப் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கும் மாலையில் தெரு உண்டு, கோயில் உண்டு, கல்யாண வீடு உண்டு. பள்ளி தனியாக இருக்கலாம். ஊர் தனியாக இருக்க முடியாது. அதோடு, இன்னும் வருத்தமான ஓர் உண்மை உண்டு. இந்தியாவில் மாற்றுத்திறன் உள்ள ஐந்து வயதுக் குழந்தைகளில் நான்கில் மூன்று பேர் எந்தக் கல்வி நிலையத்துக்கும் போவதில்லை என்று யுனெஸ்கோவின் 2019 அறிக்கை சொல்கிறது. எந்தப் பள்ளி என்ற கேள்வியே அவர்களுக்கு எழவில்லை. நம் குழந்தைகள் அவர்களைப் புரிந்துகொள்ளவில்லை என்கிறோம், பார்த்தால்தானே புரிந்துகொள்ள?

கடைசி மறுப்பு இந்த மண்ணுக்கே உரியது. “குடிநீர், காற்று, வேலை என்று ஆயிரம் பிரச்சினை இருக்கிற வடசென்னையில் இதுதானா முக்கியம்?” 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் அருகே அமோனியா கசிந்து மக்கள் மூச்சுத் திணறி வீட்டை விட்டு ஓடினார்கள். இந்தக் கோபம் நியாயமானது. அதற்கான போராட்டமும் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தில், ஒரு பிள்ளையைக் காட்டி, பார், ஆலைப் புகையால் இப்படிப் பிறந்தது என்று ஆதாரமில்லாமல் சொல்லிவிடாதீர்கள். காரணத்தை மருத்துவர் சொல்லட்டும், ஆய்வு சொல்லட்டும். பாவத்தின் சின்னமாக நிற்க வைத்தது போதாதென்று அந்தப் பிள்ளையை மாசின் சின்னமாகவும் நிற்க வைக்க வேண்டாம். மேலும், கன்டெய்னர் லாரி ஓடும் சாலையும் இயந்திரம் ஓடும் பட்டறையும் உள்ள ஊரில், நாளை யாருக்கும் கையோ காலோ போகலாம். தூரத்து மனிதர்களைப் பற்றி நான் பேசவில்லை. நம்மைப் பற்றித்தான் பேசுகிறேன்.

இது என் விருப்பம் மட்டும் இல்லை. நாடு ஏற்றுக்கொண்ட கடமை. 2007-இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 8-ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகளின் உரிமையை மதிக்கும் மனப்பான்மையை எல்லாக் குழந்தைகளிடமும் இளம் வயதிலிருந்தே வளர்க்க வேண்டும் என்கிறது. 2016 சட்டத்தின் 39-ஆவது பிரிவு அதைப் பள்ளிக்குள் கொண்டுவரச் சொல்கிறது. 2023 நவம்பரில் ஒன்றிய அரசு, மாற்றுத்திறன் குழந்தைகளை அங்கன்வாடியில் சேர்ப்பதற்கென்றே வழிமுறை வெளியிட்டது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. காகிதத்திலிருந்து காலடிப்பேட்டைக்கு அதைக் கொண்டுவர வேண்டியவர்கள் யார்? இந்த அவையில் இருக்கும் நாம்.

தாய்மார்களே, தந்தையரே, குழந்தை கேட்கும்போது வாயைப் பொத்தாதீர்கள். குனிந்து, அதன் உயரத்துக்கு வந்து, பதில் சொல்லுங்கள். மாற்றுத்திறன் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்களே, அவனை வாசலுக்கு அழைத்து வாருங்கள். அவனைப் பற்றி என்ன சொல்லலாம், என்ன சொல்ல வேண்டாம் என்று அக்கம்பக்கத்துக்கு நீங்களே எடுத்துக் கொடுங்கள். அங்கன்வாடிச் சகோதரிகளே, உங்கள் பகுதியில் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஐந்து வயதுக் குழந்தை யார் என்று உங்களைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. வரும் வாரமே அந்தக் கதவைத் தட்டுங்கள். ஆசிரியர்களே, இந்த டிசம்பர் 3 அன்று கண்ணைக் கட்டாதீர்கள். கணக்கில் வரும் ஓர் ஆட்டம் ஆடுங்கள். மேடைக்கு யாரை அழைத்தாலும், அவர் பிள்ளைகளிடம் என்ன பேசப் போகிறார் என்று முன்கூட்டியே கேளுங்கள். இதற்கெல்லாம் நிதி ஒதுக்கீடு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்றிரவே வீட்டில் தொடங்கலாம். நம் குழந்தைகள் கேட்டுக்கொண்டேதான் இருக்கப் போகிறார்கள். முதல் பதில் நம்முடையதாக இருக்கட்டும், அது உண்மையாக இருக்கட்டும்.